மடைக்கல்லில் ஒரு கால்

பூட்டிக்கொண்டுவிட்டது. வலது முட்டி, மேலே வந்து நின்ற பெடலின் மீது மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டுவிட்டது. இடது கால் மடைக்கல்லின் மீது ஊன்றியிருக்கிறது. அந்த ஒரு கால்தான் இப்போது என்னையும் சைக்கிளையும் சேர்த்துத் தாங்குகிறது. பதறத் தேவையில்லை. வீட்டில் யாரும் அறியாமல் சில முறை இப்படி ஆகியிருக்கிறது. அசையாமல் இருந்தால் போதும், உள்ளே ஏதோ ஒன்று நழுவி, கால் மறுபடியும் என் காலாகிவிடும். காத்திருக்க வேண்டும், அவ்வளவே. காத்திருப்பது எனக்குத் தெரியாததா? பறவை பார்ப்பவளுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறென்ன தெரியும்? ஆனால் கடைத்தெருவில், மருந்துக்கடை வாசலில், எல்லோரும் அறிய ஒரு முறை பூட்டிக்கொண்டபோது காத்திருக்க விடவில்லை. நாற்காலி கொண்டுவந்தார்கள், சோடா கொண்டுவந்தார்கள், யாரோ ஒருவர் என் கைபேசியை என் பையிலிருந்தே எடுத்து மகளை அழைத்தார். உமையாள் வந்தாள். அன்று மாலை, அழாமல், குரலை உயர்த்தாமல், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்த சைக்கிள் இந்த வீட்டுல இருக்காதும்மா. நீங்களே வாக்குக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். சொன்ன சொல்லை நான் மாற்றியவளல்ல. அது அவளுக்குத் தெரியும், தெரிந்தே கேட்டாள். ஆகவே இன்னொரு தடவை என்பது நடக்கக் கூடாது. நடந்தாலும் அதை யாரும் பார்க்கக் கூடாது. பார்க்காத ஒன்று நடந்ததாகக் கணக்கில் வராது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான் எண்ணுகிறேனா? குளத்தங்கரையில் ஒருவரும் இல்லை. காலை வெயில் இன்னும் பனையைத் தாண்டவில்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிந்து இறங்கும் வாழைத்தோட்டம், நடுவில் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய கரை. முக்குளிப்பான்களின் சிரிப்பு போன்ற அந்தக் குரல் சம்புக் கோரைக்குப் பின்னாலிருந்து வருகிறது. காரில் வந்திருந்தால் அது கேட்டிருக்காது. சென்ற ஆண்டு மருமகனின் காரில் வந்தேன். கண்ணாடி ஏற்றியிருந்தது, உள்ளே குளிர்காற்று, ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்கு என்னை ஒரு பார்சலைப் போலக் கொண்டுபோய் இறக்கினார்கள். இறங்கிய இடத்தில் பார்த்தேன். இறங்காத இடங்களில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. சைக்கிளில் வரும்போது முதலில் காது போகிறது, பிறகு கண், பிறகுதான் சக்கரம். துறைத்தலைவராக இருந்த காலத்தில், கஞ்சி போட்ட கைத்தறிச் சேலையுடன் கல்லூரி வாயிலில் சைக்கிளை விட்டு இறங்கும்போது முதல்வர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். "ஹெச்.ஓ.டி. சைக்கிள்ல வாறது பிள்ளைகளுக்கு ஒரு மாதிரியா இருக்கும்லா" என்றார் ஒருநாள். எந்த மாதிரி என்று கேட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்றுவரை எனக்கும் விளங்கவில்லை. முட்டியே, விடு. மெதுவாக, கவனிக்காதது போல, பாதத்தை ஒரு நூலிழை முன்னால் நகர்த்திப் பார்க்கிறேன். எலும்புக்குள் ஒரு கத்தி திரும்புகிறது. நிறுத்துகிறேன்.

பின்னால் சரளை நெரிபடும் ஒலி. கார். எஞ்சினின் ஒலியிலேயே தெரிகிறது, மருமகன் சண்முகவேலின் கார்தான். இன்றைய பறவைக் கணக்கெடுப்பில் வேறு இரண்டு குளங்களை முடித்துவிட்டு இங்கே வருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் இவ்வளவு விரைவில் வந்துவிட்டார் என்றால் அங்கே தண்ணீர் வற்றிப் பறவைகள் இல்லாமல் போயிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால் முட்டி. அவர்கள் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கரையின் நடுவில், அசையாமல், ஒரு கால் மடைக்கல்லில், ஒரு கால் பெடலில் நிற்கும் ஒரு கிழவியின் முதுகு. வழிவிட வேண்டும். வழிவிட என்றால் இறங்க வேண்டும், அல்லது மிதிக்க வேண்டும். இரண்டும் முடியாது. எண்ணம் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்து முட்டுகிறது: இறங்க வேண்டும், முடியாது, மிதிக்க வேண்டும், முடியாது, இறங்க வேண்டும். இதற்கிடையில் என் கைகள் என்னைக் கேளாமலேயே கழுத்தில் தொங்கிய பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்துவிட்டன. உடனே எஞ்சின் அணைகிறது. கதவு திறக்கும் ஒலி இல்லை, ஹாரன் இல்லை, பேச்சு இல்லை. பைனாகுலரைக் கண்ணில் வைத்து ஒருவர் அசையாமல் நின்றால் மற்றவர்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம். வழக்கம் என்ன வழக்கம், நான் ஏற்படுத்தியது. தொடக்கத்தில் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் தின்பண்டப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டும், கதவுகளை அறைந்துகொண்டும் வருவார்கள். திட்டித் திட்டித் திருத்தினேன். இப்போது அந்த ஒழுங்கு எனக்குப் பின்னால் ஒரு சுவரைப் போல வந்து நிற்கிறது. நல்லது. இந்தச் சுவருக்குள் சற்று நேரம் கிடைக்கும். முட்டிக்கு வேண்டியது அதுதான். பைனாகுலருக்குள் சம்பு தெரிகிறது, காய்ந்த கதிர்கள், பஞ்சு பிரிந்த தலைகள், அடியில் நிழல். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததை இவ்வளவு உற்றுப் பார்ப்பவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அக்காவைக் குளியலறையிலிருந்து தூக்கி வந்த நாள் நினைவுக்கு வருகிறது, ஏன் இப்போது வர வேண்டும்? பக்கத்து வீட்டு ஆண்கள் உள்ளே போனார்கள். நனைந்த சேலையை என்னால் இயன்றவரை இழுத்து மூடினேன். எலும்பு முறியவில்லை, ஒன்றும் இல்லை, மறுநாளே எழுந்து நடந்தாள். ஆனால் அன்றிலிருந்து அவள் தூக்கப்படக்கூடியவள் ஆகிவிட்டாள். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தால் போதும், அறையிலிருந்த எல்லோரும் கையை நீட்டினார்கள். முதலில் தட்டிவிட்டாள். பிறகு பிடித்துக்கொண்டாள். பிறகு, யாரும் கை நீட்டாவிட்டால், எழுவதே இல்லை.

கார்க்கதவு மிக மெல்லத் திறக்கிறது. சாத்தப்படவில்லை. சரளையில் குதிகால் படாமல் வைக்கும் நடை, ரெபெக்காள். தபால் நிலையத்தில் கவுண்டரில் இருப்பவள், ஞாயிற்றுக்கிழமை கோயிலையும் தள்ளிவைத்துவிட்டுக் கணக்கெடுப்புக்கு வருகிறவள், எங்களுக்குள் மிகக் கூர்மையான கண் அவளுடையது என்று நான் மனத்துக்குள் ஒப்புக்கொண்டிருக்கிறேன், வெளியே சொன்னதில்லை. என் தோளுக்கு ஒரு முழம் பின்னால் நின்றுகொள்கிறாள். அவளுடைய மூச்சு கேட்கிறது. அவள் பைனாகுலரைத் தூக்குவதும் கேட்கிறது. அதன் தோல்வார் சேலையில் உரசுகிறது. நான் பார்க்கும் திசையையே பார்க்கிறாள். இவளும் சும்மா பார்க்கட்டும். சற்று நேரம். முட்டிக்குள் ஏதாவது நழுவுகிறதா? இல்லை. இடது தொடை நடுங்கத் தொடங்கியிருக்கிறது. நடுக்கம் சைக்கிளுக்குப் போகிறது, சைக்கிளின் செயின்மூடி மிக லேசாகக் கடகடக்கிறது. அவளுக்குக் கேட்டுவிடும்.

"என்ன மேடம்?" என்கிறாள், உதடு அசையாத குரலில்.

"பொறு."

"கோழியா?"

"இல்லை."

இல்லை என்று ஏன் சொன்னேன்? ஆமாம், தாழைக்கோழி என்று சொல்லியிருக்கலாம். எங்கும் இருக்கிற பறவை, யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆனால் தாழைக்கோழியைப் பார்ப்பதற்கு ஒருத்தி காரை மறித்துக்கொண்டு நிற்க மாட்டாள். இவ்வளவு அசையாமல் நிற்பதற்குத் தகுதியான ஒரு பறவை வேண்டும். அதுவும் தன் பங்குக்கு அசையாமல் நிற்கிற பறவையாக இருக்க வேண்டும். நிழலோடு நிழலாக, இருந்தாலும் இல்லாதது போலத் தெரிகிற பறவை. வாயருகே ஒரு பெயர் வந்து நிற்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்க எனக்கு நேரம் இல்லை, தொடை நடுங்குகிறது, செயின்மூடி கடகடக்கிறது.

"கருங்குருகு" என்று சொல்லிவிடுகிறேன். "சம்புக்கு அடியில."

சொன்ன பிறகுதான் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. சென்ற ஆண்டு இதே குளத்தில், இதே சம்பில், கருங்குருகைப் பார்த்ததாக ரெபெக்காள் சொன்னாள். அவள் மட்டும்தான் பார்த்தாள். அரிய பறவையானால் இருவர் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் கண் போதாது. அதுவும் எங்கள் ஒழுங்குதான், அதில் நான் யாருக்கும் விலக்கு அளித்ததில்லை. மாலை, கல்யாண மண்டபத்தில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கையில், அவளுடைய கருங்குருகைப் பட்டியலிலிருந்து அடித்துவிடச் சொன்னேன். "ஆசைப்பட்டுப் பாத்தா எல்லாம் தெரியும்" என்றும் சொன்னேன். அந்த இரண்டாவது வாக்கியம் ஒழுங்கில் இல்லை. யாரோ சிரித்தார்கள். ரெபெக்காள் டீயை முடித்தாள், தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். இந்த ஆண்டும் வந்திருக்கிறாள். இப்போது என் தோளுக்குப் பின்னால் அவளுடைய மூச்சு நின்றுவிட்டது. பார்க்காத ஒரு பறவையைப் பார்த்ததாக நான் வாழ்நாளில் சொன்னதில்லை. வகுப்பறையில், நுண்ணோக்கியில் தெரியாததைப் புத்தகத்தைப் பார்த்து வரைந்த பெண்களின் ரெக்கார்டுகளைக் கிழித்திருக்கிறேன். தெரிந்ததை மட்டும் வரை, தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுது. ஆனால் இது பதிவாகாது. ஒருத்தி பார்த்தது பதிவாகாது. தனக்குத் தெரியவில்லை என்பாள், நான் பறந்துவிட்டது என்பேன், முடிந்தது. இல்லாத பறவைக்குப் பறந்துபோவது எளிது. அதற்குள் முட்டி விட்டுவிடும். என் ஒழுங்கே என்னைக் காப்பாற்றும்.

"எனக்கும் தெரியுது மேடம்" என்கிறாள் ரெபெக்காள்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று எண்ண விரும்புகிறேன். கேட்டது.

"அதே இடம்" என்கிறாள். குரலில் வெற்றி இல்லை; இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கழுத்த மேல தூக்கிட்டு நிக்கி. போன வருஷமும் இப்பிடித்தான் நின்னுச்சு."

அவள் பொய் சொல்கிறாளா? பழி வாங்குகிறாளா? என்னுடைய பொய் தெரிந்து, அதன் மீது தன் பொய்யை வைத்துப் பார்க்கிறாளா? தபால் கவுண்டரில் ஒரு பைசாவைக்கூடக் கூட்டிக் குறைக்காத பெண். அல்லது என் சொல்லை நம்பி, என் சொல் காட்டிய இடத்தில், என் சொல் காட்டியதைப் பார்க்கிறாளா? இந்தக் கடைசி எண்ணம்தான் என்னை அச்சுறுத்துகிறது. மற்றவை எல்லாம் அவளுடைய குற்றங்கள். பின்னால் இன்னொரு கதவு, இன்னொரு நடை. சண்முகவேல். நல்ல மனிதர். என்னைக் கண்காணிப்பதற்காகவே பறவை பார்க்கக் கற்றுக்கொண்டவர். கொக்குக்கும் உண்ணிக்கொக்குக்கும் வேறுபாடு தெரிய ஓராண்டு ஆயிற்று. "என்னத்தப் பாக்கிய அத்தை?" என்று காற்றாகக் கேட்கிறார்.

"கருங்குருகு" என்று ரெபெக்காள் சொல்கிறாள். "மேடம் பாத்தாவ. நானும் பாத்துட்டேன்."

"ரெண்டு பேரும் பாத்தாச்சா? அப்ப பட்டியல்ல ஏறிரும்லா." அவர் சிரிப்பது கேட்கிறது. "அத்தை கடைசில சைக்கிள்ல வந்துதான் ஜெயிச்சிருக்காவ. நாங்க ஏசி போட்டுட்டு ரெண்டு குளத்துல காக்காய எண்ணிட்டு வாரோம்." பிறகு சில அடி பின்வாங்கி, குரலைத் தாழ்த்திக் கைபேசியில் பேசுகிறார். எங்கள் கணக்கெடுப்பை ஒருங்கிணைக்கும் செல்லத்துரையிடம். "அண்ணாச்சி, நம்ம குளம்தான். ஆமா, கருங்குருகு. மரகதம் மேடமே பாத்தாவ. இல்ல இல்ல, அப்படியே நிக்காவ, அசையல. கேமராவ எடுத்துட்டு வாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, ஆனா கரைக்கு அந்தப் பக்கமா வாங்க, இந்தப் பக்கம் நாங்க நிக்கோம்."

அந்தப் பக்கமாக வருவார்கள். முன்னால் கார்கள், பின்னால் கார், நடுவில் நான், ஒரு கால் கல்லில். இப்போது முட்டி விட்டாலும் நான் எங்கே போவது? முட்டி விடட்டும், அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அது இப்போது பொருளற்றது. இப்போது கால் விடுபட்டால் சைக்கிள் என்னிடம் இருக்கும், கருங்குருகும் இருக்கும். சைக்கிளை வைத்துக்கொண்டு அந்தப் பறவையையும் நான் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில் யாராவது கேட்பார்கள், மேடம், நீங்க பாத்தீங்களே, எந்த இடம்? கையை நீட்டி இடத்தைக் காட்ட வேண்டும். அடுத்த ஆண்டு இன்னொருவர் அங்கே இன்னொன்றைப் பார்ப்பார். நான் பார்த்திருக்கிறேன் என்பதாலேயே பார்ப்பார். அதற்கு அடுத்த ஆண்டு குளத்தில் கருங்குருகு வருகிறது என்று ஆகிவிடும். வராது. வந்ததில்லை. எனக்குத் தெரிந்தவரை வந்ததில்லை. ரெபெக்காள் சென்ற ஆண்டு பார்த்தாளா? எனக்குத் தெரியாது. அதைத்தான் சென்ற ஆண்டும் சொல்லியிருக்க வேண்டும்: எனக்குத் தெரியாது, ஆகவே எழுத முடியாது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். தொடையின் நடுக்கம் இப்போது இடுப்புக்கு ஏறியிருக்கிறது. வியர்வை பைனாகுலரின் கண்ணாடியை மங்கலாக்குகிறது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. கையை எடுத்தால் அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். மங்கல் தானாகத் தெளியும்வரை பொறுத்து, இந்த முறை உண்மையாகவே பார்க்கிறேன். பொய் சொன்ன இடத்தை ஒருமுறையாவது ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. சம்பின் மூன்றாவது திட்டு. அடியில் நீர். நீருக்கு மேல் கறுப்பாக, நெட்டுக்குத்தாக, மேல்முனை சற்றே சரிந்து, அலகை வானத்துக்குத் தூக்கியது போல. இருக்கிறதா? இருந்துவிட்டதா? ஃபோகஸைத் திருப்புகிறேன். விளிம்பு தெளிகிறது. கருக்கு, பல் பல்லாக. ஊறி அழுகிய ஒரு பனைமட்டை, சேற்றில் குத்தி நிற்கிறது. இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பொய் சொல்லவில்லை. எங்களுக்குள் மிகக் கூர்மையான கண், நான் கொடுத்த ஒரு சொல்லை அணிந்துகொண்டு, ஒரு பனைமட்டையைப் பறவையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. செல்லத்துரை வருவார், படம் எடுப்பார், படத்தில் கருக்கு தெரியும். என்னைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். மேடத்துக்கு வயசாயிட்டு என்பார்கள், கண் மங்கிட்டு என்பார்கள், மரியாதையாக. சிரிப்பது அவளைப் பார்த்துத்தான். இரண்டு ஆண்டும் அவள்தான்.

அணைக்கட்டுச் சாலை திருப்பத்தில் கார்களின் ஒலி கேட்கிறது. ஒன்றல்ல. வாழைகளுக்கு மேலே புழுதி எழுகிறது. முட்டி இன்னும் விடவில்லை. விட்டாலும் இனி ஒன்றுதான். பைனாகுலரை இறக்குகிறேன். கழுத்தில் அதன் எடை விழுகிறது.

"எழுதாத, ரெபெக்காள்."

"என்ன மேடம்?"

"பறவை இல்லை. நான் பாக்கவே இல்லை. என் முட்டி பிடிச்சுக்கிட்டு. இறங்க முடியலை. அதை மறைக்கிறதுக்குச் சொன்னேன்."

கோவைக்கனி நிறத்தில் ஒரு தும்பி சைக்கிளின் கைப்பிடியில் வந்து உட்கார்ந்து எழுந்து போகிறது. அவள் என் பக்கத்தில் முன்னே வந்து நிற்கிறாள்; என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்க்கிறாள்.

"நான் பாத்தேனே மேடம்."

"பனைமட்டை. நல்லாப் பாரு. ஓரத்துல கருக்குத் தெரியும்."

பார்க்கிறாள். நெடுநேரம் பார்க்கிறாள். மறுத்துவிடுவாள் என்று எதிர்பார்க்கிறேன். மறுக்க வேண்டும் என்றுகூட விரும்புகிறேன். பைனாகுலரை இறக்கும்போது அவளுடைய கண்ணோரத்தில் அதன் விளிம்பு வட்டமாகப் பதிந்திருக்கிறது.

"அப்ப போன வருஷம் நான் பாத்ததும் பனைமட்டைதான்னு சொல்லுதியளா?"

"தெரியாது."

"இருந்துச்சு மேடம். பறந்துச்சு. மட்டை பறக்குமா?"

"இருந்திருக்கலாம். நான் பாக்கலை. அதனால எழுத முடியாது." பிறகு, இதைச் சொல்லாமல் விட முடியாது என்பதால் சொல்கிறேன். "ஆசைப்பட்டுப் பாத்ததா நான் சொன்னது தப்பு. அன்னைக்கு அதுக்கு எனக்கு ஆதாரம் இல்லை."

அவள் தலையசைக்கவில்லை, மன்னித்ததாக எதுவும் செய்யவில்லை. அது அவளுடைய உரிமை. சண்முகவேல் அருகில் வந்துவிட்டார். வாக்கு அவருக்கும் தெரியும். அன்று மாலை அவர் அந்த அறையில்தான் இருந்தார், செய்தித்தாளைப் பார்ப்பவர் போல. "நான் உமையாள்ட்ட ஒண்ணும் சொல்லல அத்தை" என்கிறார், தாழ்ந்த குரலில். நல்லவர்களின் கொடுமை இது. கதவைத் திறந்துவைத்துவிட்டு அதன் வழியாகத் தப்பிப் போகலாம் என்கிறார்கள். "நான் சொல்லுவேன்" என்கிறேன். முதல் கார் எதிரே வந்து நிற்கிறது, கதவு மெல்லத் திறக்கிறது, செல்லத்துரை நீண்ட கேமராவுடன் குனிந்து குனிந்து வருகிறார், அவருக்குப் பின்னால் மற்றவர்கள், எல்லோரும் குனிந்து, எல்லோரும் மூச்சடக்கி. நான் கற்றுக்கொடுத்த நடை. "எங்க?" என்று உதட்டால் கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் ரெபெக்காள் சொல்லிவிடுகிறாள், சத்தமாக, கவுண்டரில் சொல்லும் குரலில்.

"பறவை இல்ல. மேடத்த எறக்கணும்."

சம்புக்குப் பின்னாலிருந்து நாமக்கோழிகள் தண்ணீரில் ஓடி எழுகின்றன. எல்லோரும் நிமிர்கிறார்கள். சண்முகவேல் பின்னாலிருந்து என் கைகளுக்கு அடியில் தன் கைகளைக் கொடுக்கிறார். ரெபெக்காள் புழுதியில் குந்தி உட்கார்ந்து, பெடலின் மீதிருக்கும் என் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடிக்கிறாள். செருப்பைக் கழற்றுகிறாள். "வலிக்கும்" என்கிறாள். "தெரியும்" என்கிறேன். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு செல்லத்துரை ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்கிறார். நானாக இறங்கவில்லை. என்னை அப்படியே நிறுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளைச் சாய்த்து எனக்கு அடியிலிருந்து வெளியே எடுக்கிறார்கள். ஒரு கணம் நான் ஒன்றின் மீதும் இல்லை. வலி வருகிறது, போகிறது, மறுபடியும் வருகிறது. யாரோ என் சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறார்கள். அந்தக் கை யாருடையது என்று நான் பார்க்கவில்லை. காரின் பின்கதவு திறந்திருக்கிறது, உள்ளிருந்து குளிர்காற்று வந்து காலில் படுகிறது.

"முன்னால உக்காருதேன்" என்கிறேன்.

"மடக்கின காலோட முன்னால முடியாது அத்தை. பின்னால நீட்டிக்கிடலாம்."

சரி என்கிறேன். அது எவ்வளவு எளிதாக வந்துவிட்டது என்பதை அவர் கவனித்துவிட்டார். கவனித்ததை மறைக்கக் குனிந்து என் காலை உள்ளே எடுத்து வைக்கிறார்.